கத்திக்கு நன்றி சொன்ன இருக்கை

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், தன்னை அறுத்த கத்திக்கு நாள்தோறும் நன்றி சொல்லும் இருக்கை ஒன்று இருந்தது. அரசு கால்நடை மருந்தகத்தின் மோட்டார் சைக்கிளில் பொருத்தப்பட்ட இருக்கை அது. நன்றி சொல்லக் கற்பதற்கு முன்னால் அதற்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: தன் உயரம்.

அந்த வண்டி மலைப்பாதைக்கென்றே செய்யப்பட்டது. சக்கரங்கள் பெரியவை. வயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஒரு கோழி குனியாமல் நடந்து போகலாம். தனக்குக் கீழே இத்தனை உறுப்புகள் இருப்பதால் தன்னால்தான் வண்டிக்கு மதிப்பு என்று இருக்கை நம்பியது. ஹேண்டில்பாரும் கண்ணாடியும் அதைவிட உயரத்தில்தான் இருந்தன. அவற்றின்மேல் யாரும் உட்காருவதில்லை என்பதால் அவற்றை அது கணக்கில் சேர்க்கவில்லை. மேலே இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட கணக்கு தானாகவே வந்துவிடும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பல ஆண்டுகள் அதன்மேல் அமர்ந்து மலையேறியவர் டாக்டர் தணிகாசலம். நெட்டையான மனிதர். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவார், போய்க்கொண்டே இருப்பார். இருக்கையிடம் அவர் எதையும் கேட்டதில்லை. தன்னை யாரும் எதுவும் கேட்காததையே இருக்கை தன் பெருமையாக எண்ணிக்கொண்டது. பிறகு அவர் பதவி உயர்ந்து, உதவி இயக்குநராகி, கார் உள்ள அலுவலகத்துக்குப் போனார். அவர் இடத்துக்கு டாக்டர் மங்கையர்க்கரசி வந்தார்.

பெயர் நீளம், ஆள் குட்டை. "பேரு கேட்டுக்கு அந்தாண்ட வரைக்கும் போவுது, டாக்டரம்மா இந்தாண்டயே நிக்கறாங்க" என்றார் மருந்தக உதவியாளர் பச்சையப்பன், காதில் விழாத தூரம் என்று நினைத்து. விழுந்துவிட்டது.

"பேரை அப்பா வெச்சாரு. உசரம் அம்மாகிட்டருந்து வந்துச்சு. ரெண்டு பேரும் கலந்து பேசிக்கல" என்றார் மங்கையர்க்கரசி.

முதல் நாள் வண்டியில் ஏறியபோது அவருடைய இரண்டு கால்களும் நுனிவிரலால் தரையைத் தொட்டன. தொட்டன என்பது மரியாதைக்குச் சொல்வது; தடவின. வண்டி இந்தப் பக்கம் ஒரு முறை யோசித்தது, அந்தப் பக்கம் ஒரு முறை யோசித்தது, பிறகு இந்தப் பக்கமே என்று முடிவு செய்து சாய்ந்தது. ஊசிக்குக் காத்திருந்த எருமைகளும் அவற்றின் சொந்தக்காரர்களும் பார்த்திருக்க, டாக்டரம்மா மண்ணில் கிடந்தார்.

எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "ஸ்டூல் ஒண்ணு கொண்டாரட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"கொண்டாங்க. ஆனா நான் வண்டிய நிறுத்தற எடத்துக்கெல்லாம் அதைத் தூக்கிக்கிட்டு நீங்களும் பின்னாலயே ஓடி வரணும்" என்றார் அவர், முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி.

டீக்கடை சிரித்தது. இருக்கையும் சிரித்தது. "என்மேல் உட்கார விரும்புகிறவர் உயர்ந்து வரட்டும். நான் யாருக்காகவும் இறங்கி வருவதில்லை" என்று ஹேண்டில்பாரிடம் சொன்னது.

"உயர்ந்து வருவதென்றால் எப்படி? இந்த வயதில் அவரை யார் இழுத்து நீட்டுவது?" என்று கேட்டது ஹேண்டில்பார்.

"அது அவர் கவலை."

செய்தி அன்றைக்கே தணிகாசலத்துக்குப் போய்விட்டது. அவர் போனில் பரிவோடுதான் பேசினார். மங்கையர்க்கரசி போனைப் பெட்ரோல் டேங்கின்மேல் வைத்துவிட்டு முழங்கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்ததால், பேச்சு முழுவதும் இருக்கைக்குக் கேட்டது.

"எதுக்கும்மா ரிஸ்க்கு? மழைக்கு முன்னாடி கோமாரி ஊசி போட்டு முடிக்கணும். உங்களால ஓட்ட முடியலன்னா வண்டிய பக்கத்து மருந்தகத்துக்கு மாத்திடறேன். நீங்க கீழயே உட்காந்து பாருங்க. மலை மாடுங்க எறங்கி வரட்டும்."

"மாடு எறங்கி வராது சார். காலும் வாயும் புண்ணாகி அங்கயே படுத்துக்கும்."

"சரி, பாருங்க. ஊசி முகாம் முடியற வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள சரிவரலன்னா நான் எழுதித்தான் ஆகணும்."

மேலே ஏறி வா என்றது இருக்கை. கீழே இறங்கி வா என்றது அலுவலகம். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: நான் அசையமாட்டேன்.

மறுநாள் பகலில், டாக்டர் உள்ளே வேலையாக இருந்த நேரத்தில், கொட்டகையில் நின்ற வண்டி தனக்குள் கூடிப் பேசியது.

"எட்டிப் பிடித்து எட்டிப் பிடித்து அவர் தோள் வலிக்கிறது. நான் கொஞ்சம் அவர் பக்கமாகத் திரும்பிக்கொள்கிறேன்" என்றது ஹேண்டில்பார்.

"கை எல்லாம் சரி. அவர் விழுவது காலால் அல்லவா?" என்றது கண்ணாடி. பின்னால் நடப்பதை மட்டுமே பார்த்துப் பழகிய அது, எதையும் நடந்து முடிந்த பிறகு சரியாகச் சொல்லிவிடும்.

எல்லா உறுப்புகளும் இருக்கையைப் பார்த்தன.

"என்னை ஏன் பார்க்கிறீர்கள்? இது நான் பிறந்த உயரம். இதில் கை வைத்தால் வண்டியின் அழகே போய்விடும்" என்றது இருக்கை.

பின்சக்கரத்து ஸ்பிரிங்குக்கு இளகிய மனம். மேடு பள்ளங்களைத் தன்மேல் வாங்கிக்கொள்வதே அதன் தொழில். "சண்டை வேண்டாம், நான் இறங்குகிறேன். நான் இறங்கினால் எல்லோரும் சேர்ந்து இறங்குவோம். அண்ணனுக்கும் மானம் போகாது" என்றது.

இருக்கை பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது. அடுத்தவர் இறங்குவதற்கு ஒப்புக்கொள்வதில் அதற்கு எந்தத் தடையும் இருந்ததில்லை.

அந்த நேரத்தில் வண்டி முழுவதையும் ஒற்றைக்காலில் தாங்கிக்கொண்டிருந்த சைடு ஸ்டாண்டை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மெக்கானிக் லாசரும் கேட்கவில்லை. அவர் ஹேண்டில்பாரைத் திருப்பினார், ஸ்பிரிங்கைத் தளர்த்தி வண்டியின் பின்புறத்தை இறக்கினார், கையைத் துடைத்துக்கொண்டார். "இப்ப ஏறிப் பாருங்கம்மா."

மங்கையர்க்கரசி ஏறினார். நுனிவிரல்களுக்குப் பதிலாக முன்பாதங்கள் தரையில் பட்டன. அந்த ஊருக்கு வந்த பிறகு அவர் முதன்முதலாகச் சிரித்தார்.

மலைப்பாதையில் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. பாதையில் துருத்திக்கொண்டிருந்த பாறை ஒன்று எஞ்சினின் அடித்தட்டில் மோதி, வண்டி நடுங்கியது.

"முன்பெல்லாம் இந்தக் கல்லை நாம் தாண்டிப் போவோம். இப்போது கல் நம்மைத் தாண்டப் பார்க்கிறது" என்றது அடித்தட்டு, சிராய்ந்த வயிறோடு.

"எனக்கும் மூச்சு முட்டுகிறது. மடங்கி எழ இடமே இல்லை" என்றது ஸ்பிரிங்.

"இருக்காதா பின்னே? ஒருவர் இறங்காமலிருப்பதற்காக நாம் அத்தனை பேரும் தாழ்ந்து போயிருக்கிறோம்" என்றது அடித்தட்டு.

இருக்கை காதில் வாங்காததுபோல் இருந்தது.

மலைமேல் குடியிருப்பில் மாடுகளைக் கட்டிப்போட்டு மக்கள் காத்திருந்தார்கள். மங்கையர்க்கரசி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார். மருந்துக் குப்பிகள் இருந்த ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டியபடியே விட்டு, தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார். பாதி மாடுகளுக்கு ஊசி போட்டாகிவிட்டது.

சைடு ஸ்டாண்டு அப்போதுதான் வாய் திறந்தது. "ஒரு விஷயம் சொல்லவேண்டும். நான் பழைய உயரத்துக்கு அளந்து செய்த கால். நீங்கள் இறங்கியதை எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு இப்போது நான் நீளம். சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி விறைத்து நிற்கிறது. யார் கையாவது பட்டால் போதும்."

கை படவில்லை. வெள்ளாடு ஒன்று வந்து தன் முதுகை உரசிக்கொண்டது. வண்டி, ஸ்டாண்டு இல்லாத பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. ஐஸ் பெட்டி திறந்து, குப்பிகள் பாறையில் சிதறின. உடைந்தது கொஞ்சம், உடையாததும் வெயிலில் சூடேறிப் பயனற்றுப் போனது.

தன் செவலைப் பசுவைக் கயிற்றில் பிடித்தபடி, வரிசையில் அடுத்ததாக நின்றிருந்த பூங்காவனம் அதைப் பார்த்தாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரே மாடு.

"அப்ப என் மாட்டுக்கு, டாக்டரம்மா?"

"வர்ற வியாழக்கிழமை முகாமோட கடைசி நாள். அன்னிக்கு வரேன்."

"வண்டி குடுப்பாங்களா உங்களுக்கு?"

மங்கையர்க்கரசி வண்டியை நிமிர்த்தப் போனார்.

இறங்கும் வழியில் இருக்கை ஒன்றைக் கவனித்தது. அவர் தன்மேல் உட்காரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தார். தொடைகள் விறைத்திருந்தன. எந்த வளைவிலும் விழத் தயாராக இருந்தது அந்த உடம்பு. தணிகாசலத்தின் எடையை ஆண்டுக்கணக்கில் சுமந்த இருக்கை, ஒருவருடைய பயத்தை இப்போதுதான் முதல்முறையாகச் சுமந்தது. அவரைவிட அது கனமாக இருந்தது. அந்தப் பயம் யாரால் வந்தது என்று யோசித்தபோது, மெத்தென்று செய்யப்பட்டிருந்த அதற்கே உள்ளே ஏதோ உறுத்தியது.

மங்கையர்க்கரசி நேரே லாசரின் பட்டறைக்குப் போனார்.

"லாசரண்ணே, பின்பக்கத்தைப் பழையபடி ஏத்திடுங்க."

"ஏத்தினா கால் எட்டாதேம்மா."

"வண்டிய எறக்கினது நம்ம தப்பு. வண்டி மலைக்கு உசரமாத்தான் இருக்கணும். எறக்கவேண்டியது இதை" என்று இருக்கையை ஒரு தட்டுத் தட்டினார்.

தனக்காக யாராவது வாதாடுவார்கள் என்று ஒரு கணம் காத்திருந்த இருக்கை, அப்படி ஒருவரும் இல்லை என்று புரிந்ததும் ஒரு காரியம் செய்தது. அதன் பூட்டு எப்போதும் சிக்கிக்கொண்டு படுத்தும். லாசர் சாவியை ஆட்டி, திட்டி, உதைத்தால்தான் திறக்கும். அன்று சாவியைப் போட்டதும் சத்தமில்லாமல் திறந்துகொடுத்தது.

"இன்னா அதிசயம்" என்றார் லாசர்.

கழற்றுவதற்கு முன் மங்கையர்க்கரசி ஒரு தரம் வண்டியில் ஏறி, லாசரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தன் தொடை இடிக்கும் இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டுவைத்திருந்தார். அந்தக் கோடுகளோடு இருக்கை, ஆட்டோக்களுக்கும் வண்டிகளுக்கும் சீட்டு தைக்கும் சபுராவின் மேசையில் போய்ப் படுத்தது.

"உசரம் மட்டும் இல்ல சபுராக்கா. முன்னாடி இந்த ரெண்டு ஓரமும் காலை அகட்டி வெளிய தள்ளுது. அகட்டின கால் எப்படித் தரைக்குப் போவும்? கால் நேரா கீழ எறங்கணும்" என்றார் மங்கையர்க்கரசி.

சபுரா உறையின் பின்களைப் பிடுங்கி உரித்தார். உரித்தவர் சிரித்துவிட்டார். "இத பாருங்க டாக்டரம்மா. இது மேல இன்னொரு மெத்தைய வெச்சுத் தெச்சு விட்டிருக்காங்க. ஒரிஜினல் சீட்டு அடியில இருக்கு."

இருக்கை திகைத்துப்போனது. மேசையில் பக்கத்திலேயே கத்தி கிடந்தது.

"மேலே இருக்கும் மெத்தைதான் நான்" என்றது இருக்கை, கத்தியிடம்.

"இல்லை. அது உன்மேல் உட்கார்ந்திருப்பது. நீ அதற்கும் கீழே இருக்கிறாய். முழங்காலை மடக்கப் பிடிக்காத நெட்டை மனிதர் யாரோ தன் வசதிக்கு ஏற்றி வைத்த மெத்தை. அவர்மேல் குற்றமில்லை, தன் காலுக்கு ஏற்றபடி அவர் செய்துகொண்டார். நீதான் அதைப் போய்ப் பிறப்பு என்று சொல்லித் திரிந்திருக்கிறாய்" என்றது கத்தி. வளைத்துப் பேச அதற்கு வராது.

"வலிக்குமா?" என்று கேட்டது இருக்கை.

"மெத்தையை எடுக்கும்போது வலிக்காது; அது உன்னுடையதல்ல. ஓரங்களைச் செதுக்கும்போது வலிக்கும், அது உன்னுடையது."

"மெத்தையை மட்டும் எடுத்தால் போதாதா?"

"நீ யாரிடமிருந்தோ வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் கொடை இல்லை. சாக்பீஸ் கோட்டைப் பார். அந்த அம்மாவின் கால் அங்கேதான் இடிக்கிறது."

"செதுக்கிய பிறகு நான் இருப்பேனா?"

"எனக்கு அறுக்கத்தான் தெரியும். மீதியை உன்மேல் உட்காருகிறவரைக் கேள்."

இருக்கை கோடுகளைப் பார்த்தது. "சரி, கோட்டை விட்டு விலகாமல் அறு" என்றது.

லாசர் ஸ்பிரிங்கைப் பழையபடி ஏற்றினார். அடித்தட்டு மூச்சுவிட்டது. சைடு ஸ்டாண்டு தன் அளவுக்குத் திரும்பி, வண்டியைச் சரியான சாய்வில் ஏந்திக்கொண்டது. மெலிந்து, இறங்கி, புது உறையோடு வந்த இருக்கையைப் பொருத்தினார்கள். மருந்தக வாசலில் ஒத்திகை நடந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் இந்த முறை ஸ்டூல் பேச்சு எடுக்கவில்லை.

இத்தனை செய்தும் இரண்டு குதிகாலும் ஒரே நேரத்தில் தரையில் பதியவில்லை. அதைப் பார்த்து இடதுகால் வலதுகாலிடம் சொன்னது: "தம்பி, நாம் இருவரும் பாதிப்பாதி நிற்கப் பார்த்துத்தான் இத்தனை நாளும் விழுந்தோம். இனி நான் ஒருவன் முழுதாக நிற்கிறேன். நீ மேலேயே இருந்து பிரேக்கை மிதித்துக்கொள்."

"நானும் கீழே இருந்தால் உனக்குத் துணையாக இருக்குமே அண்ணே?"

"நுனிவிரல் துணையெல்லாம் துணையே இல்லை. வண்டியை நகரவிடாமல் பிடி. அதுதான் நீ எனக்குச் செய்யும் துணை."

"இடுப்பைக் கொஞ்சம் என் இடது ஓரத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அங்கே நான் இப்போது ஒல்லி" என்றது இருக்கை. சொன்ன பிறகு, தன் ஒல்லியைத் தானே பெருமையாகச் சொல்லிக்கொண்டதை நினைத்து அதற்கே வியப்பாக இருந்தது.

மங்கையர்க்கரசி இடுப்பை நகர்த்தினார். இடதுகால் குதிகால்வரை தரையில் பதிந்தது. மறுபடி ஓட்டினார், நிறுத்தினார், பதித்தார். உடம்புக்குப் பழகும்வரை அதையே செய்தார்.

வியாழக்கிழமை மலையேறும்போது, செங்குத்தான ஒரு கொண்டையூசி வளைவில், எதிரே மாட்டு மந்தை ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு இறங்கியது. ஏற்றத்தில் நிற்பதுதான் குட்டையானவர்களுக்கு வரும் பெரிய சோதனை. பின்னால் ஐஸ் பெட்டி. ஒரு பக்கம் பள்ளம். இருக்கை தன் முழுக் கவனத்தையும் அவர்மேல் வைத்தது.

அவர் அவசரப்படவில்லை. மேட்டுப் பக்கமாக இடம் பார்த்து நிறுத்தினார். வலதுகால் பிரேக்கை அழுத்திப் பிடித்தது. இடுப்பு நகர்ந்தது. இடதுகால் நேராக இறங்கித் தரையை முழுதாக மிதித்தது. மாடுகள் ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு போயின. ஒன்று வாலால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனது. வண்டி அசையவில்லை.

அப்போது இருக்கை உணர்ந்தது. விறைத்திருந்த தொடைகள் தளர்ந்தன. பிடித்துவைத்திருந்த மூச்சு இறங்கியது. அந்தப் பெண் முதன்முறையாக, தன் எடை முழுவதையும் நம்பி ஒப்படைத்து, அதன்மேல் உட்கார்ந்தார். இத்தனை காலமும் தான் இருந்தது உயரத்தில் மட்டும்தான், இருக்கையாக இருக்கத் தொடங்கியது இப்போதுதான் என்று அது அறிந்தது. கத்தி சொல்லாமல் விட்ட மீதி இதுதான். அந்த வளைவில்தான் அது முதல் நன்றியைச் சொன்னது: மலையடிவாரத்தில் சபுராவின் மேசையில் எங்கோ கிடந்த கத்திக்கு.

மேலே, பூங்காவனத்தின் செவலைக்கு முதல் ஊசி. பழைய வெள்ளாடு மறுபடி வந்து வண்டியில் முதுகை உரசியது. "வா, வேண்டுமட்டும் உரசிக்கொள்" என்றது சைடு ஸ்டாண்டு. ஆடு அலுத்துப்போய் விலகியது.

"வண்டி குள்ளமாயிடுச்சா டாக்டரம்மா?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"வண்டி அப்படியேதான் இருக்கு. சீட்டு மட்டும் எறங்கி வந்து என்னைக் கூட்டிக்கிச்சு."

பூங்காவனம் வீட்டுக்குள் போய், ஒரு துணியில் சாமை அரிசி கட்டிக் கொண்டுவந்து இருக்கையின்மேல் வைத்தாள். "இது உங்களுக்கு இல்ல. வண்டிக்கு."

"வண்டி சாமை திங்காதும்மா."

"அப்ப நீங்க பொங்கித் தின்னுட்டு அதும்மேல உக்காருங்க. அதுக்குப் போய்ச் சேந்துடும்."

இருக்கைக்கு அந்த மூட்டையின் கனம் பிடித்திருந்தது.

முகாம் முடிந்து, தணிகாசலம் மருந்தகத்தைப் பார்வையிட வந்தார். மலையில் ஒரு மாடும் விடுபடவில்லை என்று கேட்டு மனதார மகிழ்ந்தார். வண்டியை மாற்றும் பேச்சை அவரே விட்டுவிட்டார். போகும்போது பழைய நினைவில் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தார்.

"என்னம்மா இது, தாழ்வா இருக்கே? என் காலத்துல நல்ல உசரமா இருக்குமே."

"அந்த மெத்தை நீங்க வெச்சது சார்."

"நானா?" அவருக்கு நினைவில்லை. வசதி என்பது பழகிய பிறகு நினைவில் நிற்பதில்லை. கொஞ்சநேரம் கழித்து, "ஆமா, முட்டி வலிக்குதுன்னு..." என்று இழுத்தார்.

"இப்ப உங்க கால் தரையில படுதா சார்?"

"படுது."

"எனக்கும் படுது சார்."

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தார். கால்களை மிதியில் வைத்துப் பார்த்தார். இருக்கை அவரையும் பழைய அன்போடு தாங்கியது. அவர் முழங்கால் முன்பைவிடச் சற்றே மடங்கியது, அவ்வளவுதான்.